முனிர்காவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு



தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன்பே உங்களில் பெரும்பாலோரை யாராவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். முனிர்காவில் எந்தச் சந்தில் அறை காலி, தரகருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், குளிருக்கு ரஜாய் எங்கே வாங்குவது என்று எல்லாமே அந்தக் குழுவில்தான் தெரிந்துகொள்கிறீர்கள். பிறகு டெலிகிராமில் தேர்வுக் குழு, லிங்க்ட்இன்னில் ஒரு கணக்கு, இன்ஸ்டாகிராமில் இன்னொன்று. உங்களில் சிலர் ஜேஎன்யூவில் ஆய்வு செய்கிறீர்கள். சிலர் பேர் சராய் புத்தகக் கடைகளைச் சுற்றிக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். சிலர் முனிர்கா நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, குருகிராமுக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். படிப்பும் வேலையும் எதுவானாலும், இந்த ஊரில் உங்களுக்கு இருக்கும் மனிதர்களில் பாதிப்பேர் முதலில் கைபேசி வழியாகத்தான் வந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக இருப்பவன் என்கிற உரிமையில் அந்தத் தொடர்புகளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவை உங்களுக்கு மிகவும் தேவை. ஆனால் அவற்றை மூடிய அறைகளாக வைத்திருக்கிறீர்கள். கேட்க வேண்டியதைத் தனியாக ஒருவர் காதில் கேட்கிறீர்கள். சொல்ல வேண்டியதையும் ஒருவர் காதில்தான் சொல்கிறீர்கள். இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம் ஆட்களுக்கு நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் புதுதில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எந்த ரயில் வந்தது, எது போனது, எத்தனை பெட்டி என்று தினமும் எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர், போக்குவரத்து உதவியாளர் வேலைகளுக்கான பயிற்சி இதுதான் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பலர் தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். மருத்துவப் பரிசோதனைகூட நடந்தது. கையில் கிடைத்த நியமன ஆணைகள் போலி. டிசம்பரில் விஷயம் பத்திரிகைகளில் வந்தது. தில்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசியவர்களைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அரசு வேலைக்காக நிலத்தை விற்கும் குடும்பங்களின் நெருக்கடி தெரியாதவர்களின் பேச்சு அது. புகார் கொடுத்தவர் விருதுநகர் பக்கத்து முன்னாள் படைவீரர். தில்லியில் எம்.பி. குடியிருப்பு ஒன்றில் அறிமுகமான ஒருவரை அவர் நம்பினார். படைவீரரை ஊர்ப்பிள்ளைகள் நம்பினார்கள். நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்திருந்தார். முதலில் சேர்ந்தவரை நம்பி அடுத்தவர் என்று அந்த எண்ணிக்கை 28 ஆனது. இத்தனைக்கும் தில்லியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் படும் இடத்தில், "பயிற்சி என்று ரயில் எண்ணச் சொல்கிறார்கள், இப்படி உண்டா?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், இல்லவே இல்லை என்ற பதில் அன்றைக்கே வந்திருக்கும். ரயில்வேயில் ஆள் எடுப்பது பொது அறிவிப்பு வெளியிட்டு, தேர்வு வைத்து நடக்கும் வேலை. அந்த ஒரு வரி எங்கும் எழுதப்படவில்லை. "வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும்" என்பதுதான் இத்தகைய எல்லா ஏமாற்றுகளிலும் முதல் நிபந்தனை.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் மூலமும் கணினி தெரிந்த இளைஞர்களைப் பிடித்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அங்கே சிக்கி மீண்டவர்களில் 13 தமிழர்கள் அக்டோபர் தொடக்கத்தில் சென்னை வந்து இறங்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே அவர் வாங்கலாம். உங்கள் குழுவில் நூறு பேர் இருந்தால் இதில் ஒன்றாவது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால்தானே அவர் சொல்வார்?

நமக்கு முன்னால் வந்தவர்கள் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்னாட் பிளேஸில் மெட்ராஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. உணவகம் மூடிவிட்டது; பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தெற்கிலிருந்து வந்தவர்கள் சாப்பிடப் போய் நாலு பேரைப் பார்த்து நாலு விஷயம் தெரிந்துகொண்டு திரும்பிய இடம் அது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கியது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அதற்கும் முந்தியது. 2023இல் நூற்றாண்டு கண்டது. நம் முனிர்காவிலிருந்து பார்த்தால் தெரியும் மலை மந்திருக்கு 1965இல் அடிக்கல் நாட்டி, 1973இல் குடமுழுக்கு செய்தார்கள். அரசு அலுவலகத்தில் வேலை முடிந்து, ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பிலிருந்து கோயிலுக்கு நடந்து வந்தவர்கள், அங்கே யார் துறையில் எந்தப் பதவி காலி, யார் பெண்ணுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ.

ஆனால் அந்தத் தொடர்பு வலையை நான் முழு மனதோடு புகழ மாட்டேன். அது பெரும்பாலும் அரசு அலுவலர் குடும்பங்களின் வலை. இதே தில்லியில், ஜங்புரா பக்கம் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, மதராஸி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்களும் கூலித் தொழிலாளர்களுமாக நம் தமிழர்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று ஏற்கப்பட்டவை 189. அந்த வீடுகளும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். எந்த ஆவணம் இருந்தால் தகுதி, எந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும், மறுத்தால் எங்கே முறையிடுவது என்று அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல எத்தனை பேர் தேவைப்பட்டார்கள்! சட்டம் படிக்கிறவர்கள், சமூகவியல் படிக்கிறவர்கள், இந்தி சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று உங்கள் குழுக்களில் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்கள் தொடர்பு வட்டத்தில் நரேலாவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் எண் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வட்டம் இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது என்றுதான் பொருள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொதுத் தமிழ்க் குழு ஒன்று இருக்கும். அதற்குள்ளேயே, வெளியே பெயர் சொல்லாமல், "நம்ம ஆட்கள்" குழு ஒன்று முளைக்கும். பொதுக் குழுவில் பொங்கல் வாழ்த்து வரும். நல்ல அறையும் நல்ல வேலையும் நம்ம ஆட்கள் குழுவில் வரும். ஊர்க்குழு, மாவட்டக் குழு என்று பெயர் இருந்தாலும், ஊர்ப் பெயருக்குள் சாதி ஒளிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். "நீங்க எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதும் தெரியும்.

முனிர்காவிலிருந்து சாலையைக் கடந்தால் ஜேஎன்யூ. அங்கே பேராசிரியராக இருந்த சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி, வெவ்வேறு குடும்பப் பெயர் என்று விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர் உள்ளவருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயர் உள்ளவருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயர் உள்ளவருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்முகத்தில் முகம் பார்ப்பதற்கு முன்பே நடப்பது இது. அதே ஆண்டு அதே இதழில் ஜேஎன்யூவின் சுரிந்தர் ஜோத்கா, கேதரின் நியூமனுடன் சேர்ந்து, மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதினார். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியையும் கேட்டுத் தெரிந்துகொள்வதாகச் சொன்னார்கள்.

விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும்போதே நிலைமை இதுவென்றால், விளம்பரமே இல்லாமல் ஒருவர் சொல்லி இன்னொருவர் நுழையும் வேலைகளில் என்ன நடக்கும்? குருகிராம், நொய்டா நிறுவனங்களில் இன்று வேலைகளில் நல்ல பங்கு ரெஃபரலில் போகிறது. உள்ளே இருப்பவர் யாருடைய ரெஸ்யூமேயைக் கொடுக்கிறாரோ அதுதான் முதலில் படிக்கப்படுகிறது. அவர் தன் சாதிக் குழுவில் மட்டும் காலியிடத்தைச் சொன்னால், பேர் சராயில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வேலை இருந்ததே தெரியாமல் போய்விடும். கதவு சாத்தப்பட்டது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு காலியிடத்தை எந்தக் குழுவில் பகிர்கிறோம் என்பது நியாய அநியாயம் சம்பந்தப்பட்ட காரியம்.

நியாயத்தை விடுங்கள், லாபக் கணக்கே போட்டாலும் மூடிய குழு நஷ்டம்தான். 1973இல், மலை மந்திருக்குக் குடமுழுக்கு நடந்த அதே ஆண்டு, அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகே வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் நெருக்கமானவர் மூலம் வேலை தெரிந்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், பழைய சக ஊழியர், தொடர்பு விட்டுப்போனவர் மூலம்தான். காரணம் எளிது. உங்கள் அறைத்தோழருக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது தூரத்தில் நிற்பவரிடம் இருக்கிறது.

இதை லிங்க்ட்இன்னிலேயே பெரிய அளவில் சோதித்து, 2022இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஐந்தாண்டுகள், 2 கோடி உறுப்பினர்கள். யாரை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று அந்தத் தளம் காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மிக நெருங்கியவர்களைவிடச் சற்றே அறிமுகமானவர்கள் மூலம்தான் அதிகமானோர் வேலை மாறினார்கள் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அறவே ஒட்டில்லாத தொடர்புகளால் அந்த அளவு பயன் இல்லை. நடுவே சில பொதுவான மனிதர்களாவது வேண்டும். ஆகவே, முகமே தெரியாத ஐயாயிரம் பேருக்குக் கோரிக்கை அனுப்பி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன், அதை நிறுத்துங்கள். உங்கள் கல்லூரியில் மூன்றாண்டு முன்னால் படித்தவர், உங்கள் வழிகாட்டியின் பழைய மாணவர், தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று இந்தத் தொலைவில் தேடுங்கள்.

அவர்களுக்கு என்ன எழுதுவது? "வேலை தேடுகிறேன், உதவி செய்யுங்கள் சார்" என்ற ஒரே செய்தியை இருநூறு பேருக்கு அனுப்புகிறீர்கள். அதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை. என்ன உதவி என்றும் தெரிவதில்லை. சும்மா இருந்துவிடுகிறார். நீங்கள் மதிக்கப்படவில்லை என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறீர்கள். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்கு இந்த ஒதுங்கல் சீக்கிரம் வருகிறது, வலியும் அதிகம். கேட்பதே கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். பாதிப் பிழை அந்தச் செய்தியில்தான் இருக்கிறது, அதைத் திருத்திக்கொள்ளலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். நான் திருவாரூரில் பொருளியல் முதுகலை முடித்து, இப்போது முனிர்காவில் இருக்கிறேன். என் ஆய்வேடு டெல்டா மாவட்டங்களில் நெல் கொள்முதல் பற்றியது. அதன் பத்துப் பக்கச் சுருக்கம் என் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளர்களாகச் சேர்கிறவர்களுக்கு எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? ஒரு வரி எழுதினால் போதும்."

இதற்குப் பதில் எழுதாமல் இருப்பது கடினம். யார், என்ன செய்திருக்கிறார், என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று நான்கும் அதில் இருக்கின்றன. வேலை கொடு என்று கேட்கவில்லை; தகவல் கேட்கிறது. பதில் வந்தால், இரண்டு மாதம் கழித்து, "நீங்கள் சொன்னதைக் கற்றுக்கொண்டேன், இதோ செய்து பார்த்தது" என்று மறுபடி எழுதுங்கள். உறவு உண்டாவது அந்த இரண்டாவது கடிதத்தில்தான். அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

செய்த வேலையைக் காட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1965இல் இதே தில்லியில் கஸ்தூரிரங்கன் 'கணையாழி'யைத் தொடங்கினார். அவர் நியூயார்க் டைம்ஸின் செய்தியாளர். அந்தச் சிறுபத்திரிகையைச் சுற்றிச் சேர்ந்தவர்களில் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த சுஜாதா இருந்தார், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி இருந்தார், ஆதவன் இருந்தார். யாரும் தொடர்புகளை வளர்த்துக்கொள்வோம் என்று கூடவில்லை. மாதம் ஒரு இதழ் வர வேண்டும், அதற்கு எழுத வேண்டும், எழுதியதைப் பற்றிச் சண்டை போட வேண்டும். அந்த வேலை அவர்களை ஒன்று சேர்த்தது. பிற்காலத்தில் யாருக்கு யாரைத் தெரியும் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தது. உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் "பெருமிதம் கொள்கிறேன்" என்று தொடங்கும் சான்றிதழ்ப் படங்களைப் பார்க்கிறேன். சான்றிதழுக்குப் பதிலாக நீங்கள் செய்த ஒன்றை வையுங்கள். மொழிபெயர்த்த ஒரு கட்டுரை, எழுதிய நிரல், வரைந்த வரைபடம், முதன்மைத் தேர்வுக்கு எழுதிப் பார்த்த ஒரு விடை எதுவும் போதும். நாலு பேர் திருத்தம் சொல்வார்கள். அந்த நாலு பேர்தான் உங்கள் மனிதர்கள்.

அடுத்தது, வந்த செய்தியை அப்படியே தள்ளிவிடும் பழக்கம். 2012 ஆகஸ்டில் பெங்களூரில், வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று குறுஞ்செய்திகளும் படங்களும் பரவின. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில் விட வேண்டியிருந்தது. ஒருவர் ஒரே சமயத்தில் ஐந்து செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அரசு சில நாள் தடை போட்டது. உங்கள் எதிர்வீட்டு மாடியில் இருக்கும் மணிப்பூர்ப் பெண்ணும் நாகாலாந்துப் பையனும் அந்த அச்சத்தின் நினைவோடுதான் இங்கே வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றியோ வேறு எவரைப் பற்றியோ பயமூட்டும் செய்தி வந்தால் உங்கள் கையோடு அது நிற்க வேண்டும்.

இதே கைபேசிகள் நேர்மாறாகவும் வேலை செய்து பார்த்திருக்கிறோம். 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையில் தில்லி மூச்சுத் திணறியபோது, ஆக்சிஜன் எங்கே, படுக்கை எங்கே என்று ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் எண்கள் ஓடின. பல எண்கள் செத்த எண்கள், சில ஏமாற்றுக்காரர்களுடையவை. அப்போது மாணவர்களும் இளைஞர்களும் தாமாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பேசி, "சரிபார்த்தது, மாலை 4.20" என்று நேரம் போட்டு மறுபடி பகிர்ந்தார்கள். தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று எழுதினார்கள். அவர்கள் யாருக்கும் யாரும் உறவில்லை. இந்நகரத்தில் பலர் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு வரியும் காரணம். அதைப் பேரிடர் முடிந்ததோடு விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். வேலை அறிவிப்புக்கும் அறை விளம்பரத்துக்கும் அதே வழக்கம் வேண்டும்: யார் சரிபார்த்தார்கள், எப்போது.

அறை விஷயத்தில் சுருக்கமாகச் சில சொல்கிறேன். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். படைப்பிரிவில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, சாவியை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரர் பெரும்பாலும் இல்லாத வீட்டின் சொந்தக்காரர். பணம் வரவேண்டுமென்றால் யூபிஐ பின் எண்ணைப் போடச் சொல்கிறார்களா, உடனே துண்டியுங்கள்; பின் எண் பணம் அனுப்பத்தான், பெறுவதற்குத் தேவையே இல்லை. தரகருக்கு ஆதார் நகல் அனுப்ப வேண்டியிருந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலை அனுப்புங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. 2012 டிசம்பர் 16ஆம் தேதி இரவு, ஓடும் பேருந்தில் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளான அந்த மாணவி பேருந்து ஏறியது நம் முனிர்கா நிறுத்தத்தில். பிறகு ஃபேஸ்புக்கிலும் குறுஞ்செய்தியிலும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு இளைஞர்கள் இந்தியா கேட்டில் திரண்டார்கள். சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது ஏறத்தாழ 80,000 கருத்துகள் வந்து குவிந்தன, ஒரே மாதத்தில் அறிக்கை வந்தது, சட்டம் மாறியது. எந்தத் தரகர் முறைகேடாகப் பேசுகிறார், எந்த வீட்டுக்காரர் இரவில் கதவைத் தட்டுகிறார், எந்த நேர்முகம் விடுதி அறைக்கு வரச் சொல்கிறது என்று நீங்கள் உங்களுக்குள் பகிர்ந்துகொள்வதை வம்புப் பேச்சு என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். புதிதாக வரும் பெண் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அந்தப் பேச்சு நிற்காமல் நடக்கட்டும்.

குழுக்களை நடத்துகிறவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டால், அடுத்த ஐம்பது பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டவரைக் கேலி செய்யக்கூடாது என்பதை உங்கள் குழுவின் முதல் விதியாக எழுதி மேலே பொருத்தி வையுங்கள். கூடவே 1930, வடகிழக்கு நண்பர்களுக்கான உதவி எண் 1093, சாணக்யபுரியில் இருக்கும் தமிழ்நாடு இல்லத்தின் தொலைபேசி எண் மூன்றையும் போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ச் சங்க நூலகத்திலோ ஜேஎன்யூ தேநீர்க் கடையிலோ நேரில் சந்தியுங்கள். திரையில் பெயராக இருந்தவருக்கு முகம் வந்தால்தான், அவர் இரண்டு வாரம் குழுவில் பேசாமல் இருப்பது உங்கள் கண்ணில் படும். கதவைத் தட்டிப் பார்ப்பீர்கள். தனிமை இந்த ஊரில் நம் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. அதை நாம் மறக்கக் கூடாது.

வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, பணி கிடைத்த மறுநாள் இந்தக் குழுக்களை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். இருங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு இடம் காலியானால், முதலில் அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள்: என்ன வேலை, என்ன தகுதி, என்ன சம்பளம், கடைசித் தேதி. கேட்டு எழுதுகிறவரின் ஊரையும் தெருவையும் கேட்காமல், அவர் செய்த வேலையைக் காட்டச் சொல்லி, தகுதி இருந்தால் அவர் ரெஸ்யூமேயை உள்ளே கொடுங்கள். நேர்முகத்துக்கு வருகிற பெண்ணுக்கு முந்தின இரவு பத்து நிமிடம் தொலைபேசியில் ஒதுக்குங்கள். குழுவில் பதில் வராமல் கிடக்கும் கேள்விகளை இன்றைக்கே மேலே போய்த் தேடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
முனிர்கா டிடிஏ குடியிருப்பிலிருந்து உங்கள் அண்ணன்